38 வாரத்தில் “ஒரு விரல் திறந்திருக்கிறது” என்றார்கள்: பிரசவம் நெருங்கிவிட்டதா?

கேள்வி
எழுதியவர்: பொருநை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். 38 வாரங்கள் முடிந்திருக்கின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன, குழந்தையின் தலை கீழே இருக்கிறது, அசைவும் நன்றாகத் தெரிகிறது. நேற்று மருத்துவர் உள்பரிசோதனை செய்துவிட்டு, கருப்பை வாய் ஒரு விரல் திறந்திருக்கிறது, ஆனால் இன்னும் பக்குவப்படவில்லை, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். என் குறிப்பேட்டில் “ஒரு விரல், 30 விழுக்காடு மெலிவு, நடுத்தர உறுதி, பின்பக்கம், தலை மைனஸ் 3” என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டம் மிகுந்திருந்ததால் இவை ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன என்று நின்று கேட்க முடியவில்லை.

வீடு திரும்பியதிலிருந்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு விரல் திறந்துவிட்டால் இரண்டு நாளில் வலி வந்துவிடும் என்று அத்தை சொல்கிறார். எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தின்போது ஒரு விரல் என்று சொன்ன அன்றிரவே குழந்தை பிறந்ததாம். நன்றாக நடந்தால் வாய் திறந்துவிடும் என்று ஒருவரும், வாய் திறந்த பிறகு நடக்கவே கூடாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். பெரியம்மா விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார்.

ஒரு விரல் என்பதை வைத்து நாளைக் கணக்கிட முடியுமா? பக்குவப்படுதல் என்றால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? அது நடப்பதற்கு நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கைக்கு வணக்கம். பிரசவ அறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் ஐந்து செய்திகள் இருக்கின்றன. அவற்றில் “ஒரு விரல்” என்ற ஒன்றைத்தான் வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை மற்ற நான்கில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

கருப்பை வாய் என்று நாம் சொல்வது வெறும் ஒரு துளை இல்லை. ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள, தடித்த சுவர் கொண்ட ஒரு குழாய் அது. குழந்தை இருக்கும் பக்கம் ஒரு வாய், பிறப்புப் பாதையின் பக்கம் ஒரு வாய் என்று அதற்கு இரண்டு முனைகள் உண்டு. இவற்றை உள்வாய், வெளிவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதிப்பவரின் விரல் நுழையும் அளவு, அதாவது சுமார் ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை இடம் இருந்தால் ஒரு விரல் என்று எழுதுவார்கள். பிரசவம் முடிய அது 10 செ.மீ. வரை விரிய வேண்டும்.

ஆனால் விரிவதற்கு முன்பு அந்தக் குழாயின் நீளம் குறைய வேண்டும். உள்வாய்ப் பக்கத்திலிருந்து அது மெல்ல மெல்ல மேலே இழுக்கப்பட்டு, கருப்பையின் கீழ்ப்பகுதியோடு கரைந்துவிடுகிறது. இதைத்தான் மெலிவு என்று விழுக்காட்டில் குறிக்கிறார்கள். 50 விழுக்காடு என்றால் குழாயின் நீளத்தில் பாதி போய்விட்டது. 100 விழுக்காடு என்றால் குழாயே இல்லாமல் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் மெலிவு முதலில் வரும், விரிவு அதன் பின்னால் வரும். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே நடக்கும். அவர்களுடைய வெளிவாய் முந்தைய பிரசவத்திற்குப் பிறகு பழைய வட்டமான சிறு துளையாக மாறாமல் குறுக்கான பிளவாக நின்றுவிடுவதால், கடைசி வாரங்களில் வலியே இல்லாமல் ஒரு விரல், சிலருக்கு இரண்டு விரல்கூட இடம் கொடுப்பது உண்டு. எதிர்வீட்டு அக்காவின் ஒரு விரலையும் உங்கள் ஒரு விரலையும் அருகருகே வைத்துப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது உறுதி. கருவுறாத பெண்ணின் கருப்பை வாய் தொடுவதற்கு மூக்கு நுனியைப் போலவும், பிரசவத்துக்கு ஆயத்தமான கருப்பை வாய் உதட்டைப் போலவும் இருக்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பின்பக்கம் என்றால் வாய் இன்னும் முதுகெலும்பின் அடியை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பொருள். நாள் நெருங்க நெருங்க அது முன்னோக்கி நகர்ந்து பிறப்புப் பாதையின் நேர்க்கோட்டுக்கு வரும். பின்பக்கம் இருக்கும்போது விரலால் எட்டுவது கடினம் என்பதால் உள்பரிசோதனை கூடுதலாக வலித்திருக்கும். தலை மைனஸ் 3 என்பது, இடுப்பெலும்பின் உட்புறத்தில் இருபக்கமும் துருத்தி நிற்கும் முட்களின் மட்டத்துக்கு 3 செ.மீ. மேலே தலை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த ஐந்தையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை 1964இல் எட்வர்டு பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் வெளியிட்டார். இன்றுவரை எல்லா மருத்துவமனைகளிலும் அவர் பெயரால்தான் பிஷப் மதிப்பெண் என்று சொல்கிறோம். மொத்தம் 13. உங்கள் குறிப்பேட்டுக்குப் போட்டுப் பார்த்தால் விரிவுக்கு 1, உறுதிக்கு 1, மற்ற மூன்றுக்கும் 0, ஆக 2 மதிப்பெண். அடுத்த வாரமும் நீங்கள் போய், அதே ஒரு விரல்தான் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோவார்கள். ஆனால் அதே ஒரு விரலோடு மெலிவு 60 விழுக்காடாகி, வாய் மிருதுவாகி, நடுப்பக்கம் வந்து, தலை மைனஸ் 2க்கு இறங்கியிருந்தால் மதிப்பெண் 7 ஆகிவிடும். விரல் கணக்கில் ஒன்றும் நடக்காத அந்த வாரத்தில் உங்கள் உடல் பெரும்பகுதி வேலையை முடித்திருக்கும். ஆகவே அடுத்த முறை “எத்தனை விரல்?” என்று மட்டும் கேட்காமல், “எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவாகிவிட்டதா, முன்னால் வந்திருக்கிறதா?” என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மதிப்பெண் 2 என்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். இப்போது 2 இருப்பவருக்கு அடுத்த சில நாட்களில் தானாக வலி வருவதும் உண்டு, 6 இருப்பவர் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருப்பதும் உண்டு. வலியைத் தூண்டினால் பலன் கிடைக்குமா என்பதை முடிவுசெய்ய அந்த மதிப்பெண் உதவும். பிறக்கும் நாளைக் குறித்துக்கொடுக்க அது உருவாக்கப்படவில்லை.


பதில் 2
எழுதியவர்: உடலியங்கியல் ஆசிரியர்

பக்குவப்படுதல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் வலி வந்து இழுப்பதால்தான் வாய் திறக்கிறது என்ற எண்ணம் பலரிடம் ஆழமாக இருக்கிறது. அது பாதி மட்டுமே சரி.

கருப்பையின் உடற்பகுதி பெரும்பாலும் தசையால் ஆனது. கருப்பை வாயில் தசை குறைவு. அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள் அடர்ந்த இணைப்புத் திசு. கொலாஜன் இழைகள் கட்டுக்கட்டாக ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து நிற்பதால்தான், குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி ஆகியவற்றின் மொத்த எடையும் மேலிருந்து அழுத்தும்போதும் அந்த வாய் மாதக்கணக்கில் மூடியே இருக்கிறது. வலிமையான தசை அதை எவ்வளவு இழுத்தாலும், பிணைப்புகள் தளராத வரை வாய் எளிதில் விரியாது. பக்குவப்படாத நிலையில் வலியைத் தூண்டும் ஊசி மட்டும் போட்டால் மணிக்கணக்கில் வலித்தும் பயன் குறைவாக இருப்பது இதனால்தான்.

தளர்வு, கருவுற்ற முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் புதிதாக உருவாகும் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய உறுதியான இழைகளின் இடத்தைத் தளர்வான இழைகள் பிடிக்கின்றன. இது மிக மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும் மாற்றம். திசு மிருதுவாகிறதே தவிரக் கட்டுக்கோப்பை இழப்பதில்லை. கடைசி வாரங்களில்தான் வேகம் கூடுகிறது. ஹையலுரோனன் என்ற சர்க்கரைச் சேர்மம் திசுவில் பெருகி, நீரை ஈர்த்துக்கொள்கிறது. நீர் புகப் புகக் கொலாஜன் கட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இரத்த வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன, கொலாஜனை வெட்டும் நொதிகள் செயல்படுகின்றன, புராஸ்டாகிளாண்டின் ஈ2 உள்ளிட்ட வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அழற்சியை ஒத்த நிகழ்வு இது. ஆனால் இங்கே நோய் எதுவும் இல்லை. இந்தத் திருத்தப்பணியை உடலே முறைப்படி நடத்துகிறது.

இவ்வளவு நாளும் இதைத் தடுத்து வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஆடு போன்ற பல விலங்குகளில் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் இதன் அளவு சட்டென்று விழுந்துவிடுகிறது. மனிதரில் அப்படி விழுவதில்லை. அளவு உயர்ந்தே இருக்கும்போதும், கருப்பைத் திசுக்கள் அதன் கட்டளையை ஏற்கும் திறனை இழந்துவிடுகின்றன. புரோஜெஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தைக் கொடுத்தால் கருப்பை வாய் இளகிவிடுகிறது என்பது, பூட்டு இந்த ஹார்மோனின் கையில்தான் இருந்தது என்பதை உறுதிப்படுத்துகிறது.

திசு இளகிய பிறகுதான் வலியின் வேலை பலிக்கிறது. கருப்பையின் மேற்பகுதித் தசை ஒவ்வொரு வலியின்போதும் சுருங்கி, வலி விட்ட பிறகும் முழுமையாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் சற்றே குறுகி நின்றுவிடுகிறது. அந்தச் சிறு குறுக்கம் ஒவ்வொன்றும் சேர்ந்து கீழ்ப்பகுதியையும் வாயையும் குழந்தையின் தலைக்கு மேலாக இழுக்கிறது. தலை வாயை அழுத்தி விரிக்கும்போது அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போய், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, வலி மேலும் வலுக்கிறது. 1941இல் இதை விவரித்தவரின் பெயரால் ஃபெர்குசன் அனிச்சைச் செயல் என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்தக் குழாயை மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டு கெட்டியான சளி இருக்கும். கிருமிகளைத் தடுக்கும் புரதங்கள் அதில் உண்டு. வாய் குறுகி விரியும்போது அந்தச் சளி கழன்று வெளியேறுகிறது. அருகிலுள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் கிழிவதால் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறிது இரத்தம் கலந்திருக்கலாம்.


பதில் 3
எழுதியவர்: இரண்டு பிள்ளைகளின் தாய்

மேலே இருவரும் எழுதியதற்கு என் அனுபவம் ஒத்துப்போகிறது என்பதால் பகிர்கிறேன். மூத்தவனுக்கு 37ஆம் வாரத்திலேயே ஒரு விரல் என்றார்கள். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத் தினமும் காத்திருந்தோம். அவன் 40 வாரம் கடந்துதான் பிறந்தான். இடையில் சளி கழன்று விழுந்தபோது உடனே மருத்துவமனைக்கு ஓடினோம். சளி மட்டும் போனால் வலி தொடங்கப் பல நாள்கூட ஆகலாம், சிவப்பாக இரத்தம் வழிந்தால்தான் தாமதிக்கக் கூடாது என்று விளக்கி அனுப்பினார்கள்.

சூட்டு வலி எனப்படும் பொய் வலியையும் உண்மையான பிரசவ வலியையும் பிரித்தறிவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. சீரகக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தால் அடங்கும் வலி சூட்டு வலி என்று என் அம்மா சொல்வார். கஷாயம் அடக்கியதா, ஓய்வு அடக்கியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் படுத்தால் அடங்குகிறதா என்று பார்ப்பது பயனுள்ளதாகவே இருந்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீண்டு, நடந்தாலும் படுத்தாலும் விடாமல் முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு வந்த வலிதான் கடைசியில் வாயைத் திறந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு நிலைமை முற்றிலும் வேறு. மாலையில் சோதித்தபோது இரண்டு விரல், வலி இல்லை. நள்ளிரவுக்குப் பின் வலி தொடங்கி, விடியும் முன் பிறந்துவிட்டாள். ஆகவே எதிர்வீட்டு அக்கா சொல்வது பொய்யில்லை, உங்களுக்குப் பொருந்தாது என்பதுதான் விஷயம். இந்த ஒரு வாரத்தில் நன்றாகத் தூங்குங்கள். வலி தொடங்கிய பிறகும் தொடக்கக் கட்டம் நீளமாக இருக்கும். தூங்காத உடம்போடு அதைத் தாங்குவது மிகவும் சிரமம்.


மீண்டும் கேள்வி
எழுதியவர்: பொருநை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் குறிப்பேட்டை இப்போதுதான் புரிந்து படிக்க முடிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நாள் கடந்தும் வாய் பக்குவப்படாவிட்டால் மருந்து வைத்துத் திறக்க வைப்பார்கள் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? அடுத்து, என் அக்காவுக்கு வலி வந்து 4 செ.மீ.வரை திறந்து, அதன் பிறகு பல மணி நேரம் திறக்கவில்லை என்று அறுவை செய்தார்கள். எனக்கும் அப்படி ஆகுமோ என்ற அச்சம் இருக்கிறது. விளக்கெண்ணெய் பற்றியும் யாரும் சொல்லவில்லை.


பதில் 4
எழுதியவர்: மகப்பேறு மருத்துவர்

விளக்கெண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து குடிக்க வேண்டாம். அது குடலைத் தூண்டி வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும். பிரசவ வேளையில் நீரிழந்து களைத்துப்போன உடல்தான் மிஞ்சும். கருப்பை வாயைப் பக்குவப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நெய் ஊற்றிச் சாப்பிட்டால் வழுக்கிக்கொண்டு பிறக்கும் என்பதும் அப்படியே. உணவுக்குழாய்க்கும் பிறப்புப் பாதைக்கும் தொடர்பில்லை. நடப்பதைப் பொறுத்தவரை, உங்கள் உடல்நிலையில் நடக்கத் தடை எதுவும் இல்லை. நடந்து வலியை வரவழைக்க முடியாது. ஆனால் வலி தொடங்கிய பிறகு நிமிர்ந்த நிலையிலும் நடமாட்டத்திலும் இருப்பவர்களுக்கு, வாய் முழுதாக விரியும்வரையான முதல் கட்டம் படுத்தே இருப்பவர்களைவிடக் குறைந்த நேரத்தில் முடிகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

தாய்க்கும் குழந்தைக்கும் வேறு சிக்கல் இல்லாதபோது 41 வாரங்கள் முடியும்வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் போனால் வலியைத் தூண்டுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு முன்பாக, உள்பரிசோதனையின்போது விரலை உள்வாய் வழியாக நுழைத்து, பனிக்குடச் சவ்வைக் கருப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மெல்லப் பிரித்துவிடும் ஒரு முறை உண்டு. இதனால் அந்த இடத்திலேயே புராஸ்டாகிளாண்டின் சுரந்து, தானாகவே வலி வரும் வாய்ப்புக் கூடுகிறது. வலியும் சிறு இரத்தக்கசிவும் இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும். சாதாரண உள்பரிசோதனைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சாதாரணப் பரிசோதனையால் வாய் திறந்துவிடாது.

மருந்து வைப்பது என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் டைனோப்ரோஸ்டோன் ஜெல். உடல் தானே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் ஈ2தான் இது. 0.5 மி.கி. அளவை ஊசிக்குழல் மூலம் கருப்பை வாயின் உள்ளே வைப்பார்கள். மிசோப்ரோஸ்டால் என்ற இன்னொரு மருந்தை 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில், விழுங்கும் மருந்தாக, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் உண்டு. அளவு கூடினால் வலி ஓய்வில்லாமல் தொடர்ந்து குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும் என்பதால், மருத்துவமனையில், குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்தபடிதான் தர வேண்டும். முன்பு அறுவைப் பிரசவம் ஆனவர்களுக்குக் கருப்பையின் தழும்பு பிரியும் ஆபத்து இருப்பதால் மிசோப்ரோஸ்டாலைத் தவிர்க்கிறோம்.

மருந்தே இல்லாத வழியும் இருக்கிறது. வழக்கமாகச் சிறுநீரை வெளியேற்றப் பயன்படும் ஃபோலி வடிகுழாயை உள்வாய்க்கு மேலே செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனில் நீரை நிரப்பினால், அது மேலிருந்து வாயை அழுத்தி விரிப்பதோடு அங்குள்ள திசுவிலிருந்து புராஸ்டாகிளாண்டினையும் சுரக்க வைக்கிறது. வாய் 3 செ.மீ. அளவுக்கு விரிந்ததும் பலூன் தானே நழுவி வந்துவிடும். மிசோப்ரோஸ்டால், பலூன் ஆகிய இரண்டில் எது மேல் என்பதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், உயர் இரத்த அழுத்தத்துக்காக வலி தூண்டப்பட்ட 602 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. விழுங்கும் மிசோப்ரோஸ்டால் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரும், ஃபோலி பலூன் வைக்கப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினரும் 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனார்கள். குளிர்பதனப் பெட்டி தேவைப்படாத, விலை குறைந்த அந்த மாத்திரைக்கு இந்த முடிவு பெரிய ஆதரவு. அறுவைத் தழும்பு உள்ளவர்களுக்குப் பலூன் இன்றும் முக்கியமான வழி.

எந்த வழியாக இருந்தாலும், பக்குவப்படுத்துவதற்கே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். “ஜெல் வைத்தும் திறக்கவில்லை” என்று சில மணி நேரத்திலேயே குடும்பத்தினர் மனம் தளர்ந்து, அறுவை செய்துவிடுங்கள் என்று கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன். திசு இளகுவதற்கு வேண்டிய நேரத்தை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

உங்கள் அக்காவின் பிரசவத்தைப் பற்றி, அவருடைய குறிப்புகளைப் பார்க்காமல் நான் கருத்துச் சொல்வது முறையாகாது. குழந்தையின் இதயத்துடிப்பு போன்ற வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பொதுவாக ஒன்றைச் சொல்ல முடியும். 1950களில் இம்மானுவேல் ஃபிரீட்மன் வரைந்த பிரசவ வளைகோட்டை ஒட்டி, 3 அல்லது 4 செ.மீ. ஆனதும் பிரசவம் வேகம் பிடிக்கும், அதன் பின் மணிக்கு 1 செ.மீ. விரிய வேண்டும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் கற்றோம். 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 6 செ.மீ. வரை மிக மெதுவாக விரிந்து அதன் பின் இயல்பாகவே பிரசவமானவர்கள் பலர் இருப்பதைக் காட்டியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014இல், வாய் வேகமாக விரியும் தீவிரக் கட்டத்தின் தொடக்கத்தை 6 செ.மீ. என்று மாற்றின, உலக சுகாதார நிறுவனம் 2018இல் 5 செ.மீ. என்று வரையறுத்து, மணிக்கு 1 செ.மீ. என்ற விதி சில பெண்களுக்கு நடைமுறைக்கு ஒவ்வாத அளவு வேகமானது என்றும் கூறியது. 5 செ.மீ.க்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் நீளலாம் என்பதற்கு அந்நிறுவனம் எல்லையே வைக்கவில்லை. 5 செ.மீ.க்குப் பிறகு, தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையும் ஆவது வழக்கத்துக்குள் அடங்கும். ஆகவே தாயும் சேயும் நலமாக இருக்கும்போது 4 செ.மீ.யில் நிற்பது ஒன்றே அறுவைக்குக் காரணமாகக் கூடாது என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. அந்த நேரத்தில் நீங்களோ உடனிருப்பவரோ “குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதா? இன்னும் காத்திருக்க முடியுமா?” என்று பணிவாகக் கேட்கலாம்.

பனிக்குடம் உடைந்தாலோ, சிவப்பான இரத்தம் வழிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, காய்ச்சல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ வலிக்காகவோ அடுத்த வாரத்துக்காகவோ காத்திருக்காமல் உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.


இடைக்கேள்வி
எழுதியவர்: வைகைக்கரை

மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். என் மனைவிக்கு 21 வாரம், முதல் கர்ப்பம். ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 22 மி.மீ. மட்டுமே இருக்கிறது என்று சொல்லி, இரவில் உள்ளே வைக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாய் திறந்துவிடாதபடி அதற்குத் தையல் போட வேண்டாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நீங்கள் எல்லோரும் இங்கே எழுதியிருக்கும் அதே மாற்றம் முன்கூட்டியே நடக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாமா?


பதில் 5
எழுதியவர்: மகப்பேறு மருத்துவர்

ஆம், அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். 24 வாரத்துக்கு முன் 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த வாய் காலத்துக்கு முன்பே குறுகத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி இருக்கும் எல்லோருக்கும் குறைமாதப் பிரசவம் ஆகிவிடுவதில்லை, ஆனால் ஆபத்து கூடுகிறது. உங்கள் மனைவிக்குக் கொடுத்திருப்பது புரோஜெஸ்டிரோனாகத்தான் இருக்க வேண்டும். சீட்டில் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உடலியங்கியல் ஆசிரியர் மேலே பூட்டு என்று குறிப்பிட்ட அதே ஹார்மோன்தான் அது. ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும், முன்பு குறைமாதப் பிரசவம் ஆகாத பெண்ணுக்கு வாய் குறுகியிருந்தால் முதலில் தரவேண்டிய சிகிச்சை அதுவே, ஆகவே உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் செல்கிறார்.

முன்பு குறைமாதத்திலோ நடுமாதங்களிலோ குழந்தையை இழந்தவர்களுக்கு வாய் குறுகினால், அல்லது வலியே இல்லாமல் வாய் திறந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தால் தையல் போடுகிறோம். உலகம் முழுவதும் இன்று செய்யப்படும் இந்தத் தையலுக்கு வழிகாட்டியவர் பம்பாயைச் சேர்ந்த வி. என். ஷிரோத்கர், 1955இல் அவர் தம் முறையை வெளியிட்டார். 1957இல் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்டொனால்டு அதைவிட எளிய முறையொன்றைக் கொண்டுவந்தார். பெரும்பாலான இடங்களில் இப்போது போடப்படுவது அந்த எளிய தையல்தான்.

முழு நேரமும் படுத்தே இருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாகக் காட்டப்படவில்லை. காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் அதனால் கூடும். சொன்ன நாளில் மறுபடியும் ஸ்கேன் எடுத்து நீளத்தைப் பாருங்கள். மேலும் குறுகியிருந்தால் தையலைப் பற்றி அப்போது உங்கள் மருத்துவர் உங்களோடு பேசுவார். அப்படிப் போட நேர்ந்தாலும், 36 அல்லது 37ஆம் வாரத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள். பிரித்த அன்றே குழந்தை பிறந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் காத்திருந்து, நிறைமாதத்தில் இயல்பாக வலி வந்து பெற்றவர்கள் ஏராளம்.